நடு நாற்காலி

"இன்னிக்கும் போனை எடுக்கலையா?" என்றான் கணவன்.

"மணி அடிக்குது. எடுக்க மாட்டேங்கிறா."

"விட்டுத் தள்ளு. தலைமை நர்ஸ் ஆயிட்டாங்க அம்மணி. இனிமே நீயெல்லாம் கண்ணுக்குத் தெரிவியா?"

"குச்சி அப்படிப்பட்டவ இல்லைங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

நர்ஸிங் படித்தபோது விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. ஒல்லியாக இருந்ததால் அவள் குச்சி. ஓயாமல் பேசியதால் இவள் வாயாடி. படிப்பு முடிந்ததும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மகள் பிறந்ததும் வாயாடி வேலையை விட்டாள். அந்த மகள் இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

வேலையைத்தான் விட்டாள். ஆசை விடவில்லை.

வீட்டுக் கட்டிலின் விரிப்பை வார்டில் செய்கிற மாதிரியே இழுத்து இழுத்துச் செருகுவாள். "காலை நுழைக்க முடியல. இது படுக்கையா, பார்சலா?" என்பான் கணவன். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் கவலையோடு, மனசின் ஓர் ஓரத்தில் கொஞ்சம் சந்தோஷமும் வரும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கலாமே! அப்புறம் தன்னையே திட்டிக்கொள்வாள்.

அதே ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை அடிக்கடி போனில் அரட்டை அடித்த குச்சி, அன்றிலிருந்து போனை எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

பழைய புத்தகங்களைத் தூசி தட்டினாள் வாயாடி. மகள் கேள்வி கேட்டாள். கணவன் நோயாளியாகப் படுத்துக்கொண்டான்.

"நோயாளி பேசலாமா?"

"பேசலாம். டீ கேட்கக் கூடாது."

எல்லாம் சரியாக வந்தது. 'இத்தனை வருஷம் வீட்டில் இருந்தவரை நாங்கள் ஏன் எடுக்க வேண்டும்?' என்ற ஒரு கேள்விக்குத்தான் என்ன பதில் யோசித்தாலும் கெஞ்சுகிற மாதிரியே இருந்தது.

'என்னடி சொல்லட்டும்?' என்று குச்சிக்குச் செய்தி அனுப்பினாள். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது. பதில் விழவில்லை.

தேர்வு நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்ததும் அந்த ஸ்பிரிட் வாசனை முகத்தில் வந்து மோதியது. சுற்றிலும் சின்னப் பெண்கள். ஒருத்தி எழுந்து, "உட்காருங்க ஆன்ட்டி" என்று இடம் கொடுத்தாள்.

அவள் முறை வந்தது.

உள்ளே மூன்று நாற்காலிகள். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட டாக்டர், மறுபக்கம் நிர்வாகத்து அம்மா. நடுவில் குச்சி! காதோரம் நரைத்து, உடம்பு கொஞ்சம் பூசினாற்போல.

வாயாடிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

குச்சி ஒரு கணம் பார்த்தாள். உடனே குனிந்து டாக்டரிடம் ஏதோ முணுமுணுத்தாள். எழுந்தாள். இவளைத் தாண்டி, திரும்பியும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

வாயாடிக்குக் கன்னம் எரிந்தது. மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்து போயிற்று.

"இத்தனை வருஷம் வேலையில இல்ல. உங்களை நாங்க ஏன் எடுக்கணும்?" என்றார் டாக்டர்.

"நிறைய மறந்திருப்பேன் சார். புது மெஷின் பாதி எனக்குத் தெரியாது. ஆனா தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லிக் கேட்டுக்க எனக்கு வெக்கம் கிடையாது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. ஒரு நோயாளிக்கு மருந்தை மாத்திக் கொடுத்துட்டீங்க. யாரும் பார்க்கல. அவருக்கும் ஒண்ணும் ஆகல. என்ன செய்வீங்க?"

"பக்கத்துலயே நின்னு நாடி, பிரஷர் எல்லாம் பார்ப்பேன். உடனே டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிடுவேன்."

"சொன்னா வேலை போயிடுமே?"

"போகட்டும் சார். வேலை இல்லாம இருந்து எனக்குப் பழகிப் போச்சு. மறைச்சு வச்சுக்கிட்டு அடுத்த ஆளுக்கு ஊசி போடத்தான் கை வராது."

நிர்வாகத்து அம்மா சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, ஆனால் பேனாவை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள். "அடுத்த வாரமே வந்து சேர்ந்துடுங்க."

கால் தரையில் பாவாமல் வெளியே வந்தாள். வாசலில் குச்சி நின்றிருந்தாள். வாயாடி பார்க்காதது போல் தாண்டப் போனாள்.

"ஏய் வாயாடி! கிடைச்சுதாடி?"

"தலைமை நர்ஸுக்குத் தெரியாதாக்கும்!"

"சத்தியமா யார்கிட்டயும் கேக்கல. நீயே வந்து சொல்லுவேன்னு நிக்கிறேன்."

"கிடைச்சுது."

குச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

"இப்ப என்னடி அழுகை? என்னைக் கண்டதும் எழுந்து போனவதானே நீ?"

"தெரிஞ்சவங்க வந்தா நாங்க உள்ள இருக்கக் கூடாது. நீ வர்றதுக்கு முன்னாடியே எழுந்திருக்கணும். ஒரே ஒரு தடவை உன் மூஞ்சியப் பார்த்துட்டுப் போலாம்னுதான் உட்கார்ந்திருந்தேன்."

வாயாடிக்குக் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதி இறங்குவதாக இல்லை.

"அது சரி. எத்தனை தடவை போன் அடிச்சேன்! போன் எடுக்கவும் கூடாதுன்னு சட்டமா?"

குச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சட்டமெல்லாம் இல்லடி. கேள்வி எல்லாத்தையும் தயார் பண்ணினவ நான். உன் குரலைக் கேட்டிருந்தா, ஒண்ணு விடாம சொல்லிக் கொடுத்திருப்பேன்!"