தலைவருக்கே முதல் சவாரி

“பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட குடியிருப்போர் பெருமக்களே! ஆர்.எஸ்.புரத்தின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய இந்த ஞாயிற்றுக்கிழமையில், சரியாகப் பத்து முப்பது மணிக்கு, நமது அடுக்ககத்தின் புதிய லிப்ட், தலைவராகிய என்னைச் சுமந்துகொண்டு விண்ணோக்கிப் புறப்படும்!”

விண் என்பது நான்காவது மாடி.

மைக்கை வைத்துவிட்டு வெள்ளியங்கிரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது. பழைய மோட்டார் செத்து இரண்டு மாதம் ஆகிறது. ‘ஞாயிறு பத்தரைக்கு லிப்ட் ஓடாவிட்டால் தலைவர் பதவியைத் தூக்கி எறிவேன்’ என்று வாட்ஸ்அப் குழுவில் சபதம் போட்டிருந்தார். அறுபத்து நாலு பேர் கைதட்டியிருந்தார்கள். எதற்குத் தட்டினார்கள் என்பதுதான் அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

“ஏனுங்க பாய், எல்லாம் ரெடிதானுங்களே?”

லிப்ட் மெக்கானிக் அக்பர் அலி வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் செயின் பிளாக் போட்டு இழுத்து, புது மோட்டாரை ஷாஃப்டின் உச்சிக்கு ஏற்றி, கம்பிக்கயிறு கோத்து, பிரேக் பொருத்தியவர் அவர்.

“மோட்டார் ஓடுதுங்க. ஒரே ஒரு வேலை பாக்கி. போத்தனூர்ல இருந்து சாமான் வரணும். ஏத்திட்டு வர்ற குட்டியானை வண்டி டிராபிக்ல மாட்டிட்டு நிக்குதாம்.”

“அதையெல்லாம் பத்தரைக்கு அப்புறம் செஞ்சுக்கலாமுங்க.”

“அது முடியாம யாரும் ஏறக் கூடாதுங்க.”

“யாரோ ஏறக் கூடாது, சரி. நானுமா?”

அக்பர் அலி வாயைத் திறப்பதற்குள் ஒரு கார் வந்து நின்றது. நாலாவது மாடி சாரா இறங்கி ஓடிவந்தாள். பின் சீட்டில் அவளுடைய அம்மா சூசைமேரி, கட்டுப் போட்ட காலை நீட்டியபடி சாய்ந்திருந்தார்.

“அண்ணா, லிப்ட் ஓடுதுங்களா? அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன். இப்பத்தான் டிஸ்சார்ஜ் பண்ணினாங்க. படியே ஏறக் கூடாதுன்னுட்டாங்க.”

வெள்ளியங்கிரி குறுக்கே வந்தார். “அம்மணி, முதல் சவாரி தலைவருக்கு. தீர்மானமே போட்டிருக்கோம். அடுத்தது நிர்வாகக் குழு. அப்புறந்தான் பொதுமக்கள்.”

“அம்மா வலியில துடிக்கிறாங்க சார்.”

“சூசைமேரியம்மா பொறுமைசாலியாச்சே.”

“அது ஆபரேஷனுக்கு முன்னாலீங்க,” என்று காருக்குள்ளிருந்து குரல் வந்தது.

சாரா மெக்கானிக்கிடம் திரும்பினாள். “நீங்களாவது அம்மாவை முதல்ல ஏத்திவிடுங்கண்ணா.”

“அம்மாவை இப்ப ஏத்த மாட்டேன் அம்மணி.”

முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். சாராவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆளும் தலைவர் கட்சிதான் போலிருக்கிறது.

அக்பர் அலியின் போன் அடித்தது. “இன்னும் ஒரு மணி நேரமா?” என்றார். போனை வைத்துவிட்டுக் காரைப் பார்த்தார். நீட்டியிருந்த காலைப் பார்த்தார். பிறகு சால்வையும் மாலையுமாக நின்ற நிர்வாகக் குழுவை, பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பார்ப்பவர் போல ஒவ்வொருவராக, மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“சரிங்க தலைவரே, நீங்களே ஏறுங்க. ஆனா தனியாப் போறது நல்லா இருக்காது. கமிட்டி மொத்தமும் வரட்டும். பத்துப் பேர்.”

“எட்டுப் பேர்னு போர்டு மாட்டியிருக்குதே?”

“அது சாதாரண ஆளுங்களுக்குங்க.”

தலைவர் நெஞ்சு விரிந்தது. பாய்க்கு இவ்வளவு மரியாதை தெரியும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

“ஆளுக்கு எத்தனை கிலோன்னு சொல்லுங்க. ரெஜிஸ்டர்ல ஏத்தணும்.”

“தொண்ணூத்தி நாலு!” பட்டம் வாங்குகிற தோரணையில் சொன்னார் வெள்ளியங்கிரி. பொருளாளர் எண்பத்தெட்டு. இணைச் செயலாளர் பிரவின்குமார் தயங்கித் தயங்கி, “அம்பத்தி ஒண்ணுங்க,” என்றார்.

“நீங்க வெளிய நின்னு போட்டோ எடுங்க தம்பி.”

அவருக்குப் பதிலாகக் கேசரி பரிமாற வந்த சமையல் மாஸ்டர் உள்ளே தள்ளப்பட்டார். நாலடிப் பித்தளைக் குத்துவிளக்கையும் அக்பர் அலியே தூக்கி உள்ளே வைத்தார்.

“நான் மேல மோட்டார் பக்கத்துலயே நிக்கிறேனுங்க. நடுவால ரெண்டு எடத்துல நிறுத்துவேன். பயந்துபோடாதீங்க.”

“நிறுத்தறது… மரியாதைக்குங்களா?”

“அப்படியே வெச்சுக்குங்க.”

பத்து முப்பது. செல்போனில் நாதஸ்வரம் ஒலிக்க, லிப்ட் கிளம்பியது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே டக்கென்று நின்றது. “இந்த உயரத்திலிருந்து உங்களிடையே உரையாற்றுவதில்…” என்று ஷாஃப்ட் வழியாகத் தலைவரின் குரல் இறங்கி வந்தது. மறுபடி ஏறியது, இறங்கியது, நின்றது. முழுசாக மூன்று சுற்று. கோயிலில்கூடத் தனக்கு இப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை என்று பூரித்தபடி வெளியே வந்தார் வெள்ளியங்கிரி. பதவி பிழைத்தது. அவர் மைக்கைத் தேடிப் போனார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு படி வழியாக இறங்கி வந்த அக்பர் அலியைச் சாரா மறித்தாள்.

“இப்பவாவது எங்கம்மா போலாமுங்களா? இல்லை, இன்னும் பெரிய மனுசங்க யாராச்சும் பாக்கி இருக்காங்களா?”

அவர் போனை எடுத்தார்.

“ரைஹான், எங்க இருக்கே? வேண்டாம், அப்படியே திருப்பிட்டுப் போயிரு. மணல் மூட்டை தேவையில்லை. பாரம் ஏத்திப் பாத்தாச்சு, பிரேக் நல்லாப் புடிக்குது.”

பிறகு சூசைமேரியின் சக்கர நாற்காலி நுழைவதற்கு வாகாக லிப்ட் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இனி மனுசங்க ஏறலாம் அம்மணி.”