இன்னும் ரெண்டு அத்தியாயம்

திருமணப் பதிவு அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பதிவாளர் அம்மா தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

தடுப்புக்கு வெளியே ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும், கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றார்கள்.

டைப்பிஸ்ட் பெண்ணுக்குப் பக்கென்றது. வீட்டில் ஏதாவது கெட்ட சேதியோ?

"என்னம்மா ஆச்சு?"

"அவன் ஊரை விட்டே போறான்டி! மூணாங்கிளாஸ்ல ஆளுக்குப் பாதியா உடைச்ச பென்சில். அதை இத்தனை வருஷமா பத்திரமா வச்சிருந்து, போறப்போ அவ கையில கொடுத்துட்டுப் போறான்!"

டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். பதிவாளர் அம்மா மடியில் தலையணை கனத்தில் ஒரு காதல் நாவல். அட்டையில் பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் பெண்ணும்.

அவருடைய அக்கா மகள் படித்துவிட்டுப் போட்டிருந்த புத்தகம். 'இந்தக் காலத்துப் பிள்ளைங்க என்ன கண்றாவியைப் படிக்குதுங்கன்னு பார்ப்போம்' என்று எடுத்தவர்தான். பஸ்ஸில் படித்தார், அடுப்படியில் படித்தார், இப்போது அலுவலகத்திலும் புத்தகம் கையை விட்டு இறங்கவில்லை.

"சின்ன வயசுலேர்ந்து உசுருக்கு உசுரா இருக்கறதுங்களைப் பிரிக்க எப்படித்தான் மனசு வருதோ இந்த ஜனங்களுக்கு!" மூக்கைச் சிந்தினார்.

"மேடம்..." என்றான் இளைஞன்.

"என்ன?" குரலில் இருந்த ஈரம் பட்டென்று காய்ந்துவிட்டது.

"கல்யாணம் பதிவு பண்ணணும். சாட்சிக் கையெழுத்தெல்லாம் வாங்கிட்டோம். காலையிலேர்ந்து நிக்கிறோம்."

ஆள்காட்டி விரலை நாவலுக்குள் அடையாளத்துக்கு வைத்தபடியே, மற்றக் கையால் காகிதங்களைப் புரட்டினார். பையனுக்கு லேத் பட்டறையில் வேலை. பெண் நர்ஸ்.

"ரெண்டு பேருக்கும் ஒரே தெருவா?"

"பக்கத்துப் பக்கத்து வீடு மேடம்," என்றாள் பெண். "ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து ஒண்ணாத்தான்..."

"கதையெல்லாம் நான் கேக்கலை. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பள்ளிச் சான்றிதழ்ல உன் பேருக்கு முன்னால ரெண்டு இனிஷியல் இருக்கு. அடையாள அட்டையில ஒண்ணுதான் இருக்கு. இதுல எது நீ?"

"ரெண்டுமே நான்தான் மேடம்."

"நீ சொன்னா ஆச்சா? ரெண்டும் ஒரே ஆளுதான்னு சான்று வாங்கிட்டு திங்கக்கிழமை வா."

அந்தப் பெண் தடுப்பை ஒட்டி வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வேற ஒருத்தரோட கல்யாணம் வச்சிருக்காங்க மேடம். டூட்டிக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னிக்கு விட்டா அப்புறம் வாசப்படி தாண்ட விட மாட்டாங்க."

டைப்பிஸ்டுக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து பதிவாளர் அம்மாவின் காதில் சொன்னாள்.

"போன வாரம் ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்தப்போ, நீங்களே ஓரத்துல ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டீங்களேம்மா. அதுக்கு உங்களுக்கு அதிகாரம் இருக்கே."

"அவர் கமிஷனரோட மச்சான். அது வேற."

"மேடம், கொஞ்சம் தயவு பண்ணுங்க..." இளைஞன் கைகூப்பினான்.

"இங்க வர்ற அத்தனை பேரும் இதையேதான் சொல்றாங்க. சட்டம்னா சட்டம்தான். அடுத்தது யாரு?"

அடுத்தது யாருமே இல்லை. இருந்தாலும் காகிதங்கள் தடுப்புக்கு அடியில் வெளியே தள்ளப்பட்டன. நாவல் திறந்தது.

"இன்னும் ரெண்டு அத்தியாயம்தான்டி. யாரையும் உள்ள விடாதே."

இருவரும் படியிறங்கிப் போவதை டைப்பிஸ்ட் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண் நடுவில் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

சற்று நேரத்தில் கீழே ஒரு கார் கிறீச்சிட்டு நின்றது. கதவுகள் அடித்துச் சாத்தும் சத்தம். ஆண்களின் அதட்டல். "விடுங்க சித்தப்பா! விடுங்க!" என்று ஓர் அலறல்.

"சே! ஒரு பக்கம் நிம்மதியா படிக்க முடியுதா இந்த ஆபீஸ்ல? அந்த ஜன்னலைச் சாத்து!"

டைப்பிஸ்ட் ஜன்னலைச் சாத்தவில்லை. கீழே ஓடினாள். திரும்பி வந்தபோது அவளுக்கு மூச்சும் பேச்சும் ஒன்றாக வந்தன.

"அந்தப் பொண்ணைக் கார்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டாங்கம்மா! அந்தப் பையன் குறுக்கே போனான், பிடிச்சுத் தள்ளி விட்டுட்டாங்க. தெருவுல பறந்த பேப்பரையெல்லாம் ஒவ்வொண்ணா பொறுக்கிட்டு இருக்கான்."

பதிவாளர் அம்மாவின் தோள்கள் குலுங்கின. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார்.

டைப்பிஸ்டுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாய்தான் அப்படி, உள்ளுக்குள் இளகின மனசுதான் போலிருக்கிறது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு கையெழுத்துடி! ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா அதுங்க ரெண்டும் சேர்ந்திருக்குமே! நம்பி வாசல் வரைக்கும் வந்த பிள்ளைங்களைச் சட்டம் பேசித் துரத்தி விட்டுட்டாளே பாவி! இவளெல்லாம் ஒரு பொம்பளையா? இவ நல்லா இருப்பாளா?"

"ஐயோ, அழாதீங்கம்மா. இப்படி ஆகும்னு நீங்க நினைச்சா பார்த்தீங்க? உங்களை நீங்களே இப்படித் திட்டிக்காதீங்க."

பதிவாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"என்னை நான் எதுக்குடி திட்டிக்கணும்? நான் சொல்றது கடைசி அத்தியாயத்துல வர்ற பதிவாளரை!"