கையை எடுக்காதீங்க

விபத்து முதலுதவி வகுப்பில் பயிற்சிப் பொம்மையில் செய்யும் அதே தப்பை, நடுரோட்டில் நிஜக் காயத்திலும் செய்தார் பஞ்சர் கடைக்காரர். தொடையில் அழுத்தியிருந்த துணியை லேசாகத் தூக்கி, ரத்தம் நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

"எடுத்துப் பாக்காதீங்கண்ணே. தொண்டைத்தண்ணி வத்தக் கத்தியும் மண்டையில ஏறலையே" என்றாள், வகுப்பெடுக்கும் நர்ஸ்.

"நின்னுச்சான்னு தெரிய வேணாமா நர்ஸம்மா?"

"அழுத்தினா நிக்கும். நனைஞ்சா அது மேலயே இன்னொரு துணிய வைங்க. கைய மட்டும் எடுக்காதீங்க."

கை மாற்றிக் கை அழுத்தியபடியே சட்டையைக் கழற்றி மேலே வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் கையில் இறக்கினார்.

அதே வகுப்பில் படிக்கும் தையல்கடைக்காரி சோடாவோடு ஓடிவந்தாள். "ஒரு வாய் குடுக்கட்டுமா?"

"நீங்களுமாக்கா? குடிக்க எதுவும் கூடாது. தலைய ஆடாமப் பிடிங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சா?"

"வந்துட்டே இருக்கு."

"அண்ணே, அழுத்தத்த விட்டுடாதீங்க."

"பயமா இருக்கும்மா."

"நல்லாத்தான் அழுத்துறீங்க. அப்படியே இருங்க." நர்ஸின் குரல் இறங்கியிருந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய ஊழியர் குனிந்து பார்த்து அசந்துபோனார். "இவ்வளவு ரத்தம் போயும் உயிரப் பிடிச்சு வெச்சிருக்கீங்களே. பக்கத்துல நின்னு யாரு சொல்லிக் குடுத்தா?"

பஞ்சர் கடைக்காரர் கையை எடுக்காமல், மோவாயால் கீழே காட்டினார்.

நொறுங்கிய ஸ்கூட்டரின் பக்கத்தில், அவர் கைகளுக்கு அடியில், வெளுத்த முகத்தோடு கிடந்தாள் நர்ஸ்.

"தம்பி, நீங்க கை வெச்சப்புறம் அண்ணன் எடுக்கட்டும்" என்றாள். "இப்பத்தான் கத்துக்கிட்டாரு."