ஓட்ட ஆளில்லாத வண்டி

தீர்த்தமலை அடிவாரத்தில் புது வண்டிப் பூஜை அமர்க்களமாக நடந்துகொண்டிருந்தது. பானெட்டில் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம்.

தன் பெரிய காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிய சந்திரமோகனுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பூஜை நடப்பது எட்டு வருஷத்துப் பழைய டட்சன் ரெடி-கோவுக்கு. அவருடைய தம்பி பூபதியின் கார்.

"ஏம்மா சுமலதா, கம்பெனிக்காரனே கைகழுவிட்டுப் போயி நாலு வருசம் ஆச்சு. இந்தத் தகர டப்பாவுக்கு மாலை ஒரு கேடா?" என்றார் தம்பி மனைவியிடம்.

"கம்பெனிதானுங்க மாமா நிறுத்துனாங்க. வண்டி நிக்கலீங்களே."

பின்சீட்டில் சாய்ந்திருந்த பூபதி நாக்கு குழறினாலும் விடவில்லை. "எம்பத்தாறுலயும் இந்தப் பேர நிறுத்துனாங்க ண்ணா. முப்பது வருசத்துக்குக் கிட்டக்க ஆகித் திரும்ப வந்துச்சு. ஜப்பான்காரன் வச்ச பேரு, அவ்ளோ சுலுவா போவாது."

"இந்தப் பெருமைக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் அண்ணன்.

போன வருஷம் பக்கவாதம் வந்து பூபதியின் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வாரம் மூன்று நாள் தருமபுரிக்குப் போய்ப் பயிற்சி எடுத்தால் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு தடவையும் சுமலதா போன் போட்டுக் கெஞ்ச வேண்டும், சந்திரமோகன் மனசு வைத்துத் தன் காரில் வந்து கூட்டிப்போக வேண்டும்.

சித்திரையில் அவர் இரண்டு வாரம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விரிய ஆரம்பித்திருந்த பூபதியின் விரல்கள் அதற்குள் மறுபடி மூடிக்கொண்டன. அந்தக் குற்ற உணர்ச்சி சந்திரமோகனுக்குள் இருந்தது. அதை மறைக்கத்தான் அவர் குரலை உயர்த்திப் பேசுவார்.

"ஓட்ட ஆளில்லாத வண்டி எதுக்கு? வித்துரலாம்," என்று அவர் ஒற்றைக் காலில் நின்றபோது சுமலதா ஒரே ஒரு கெடுதான் கேட்டாள். "ஆடி முடியறதுக்குள்ள டிரைவர் ஏற்பாடு பண்ணிர்றேன். இல்லாட்டி நீங்களே வித்துக்குங்க மாமா."

இன்றைக்கு ஆவணி முதல் வெள்ளி. வண்டியை வாங்குகிற ஆளை அரூரில் உட்கார வைத்துவிட்டுத்தான் சந்திரமோகன் வந்திருந்தார்.

காருக்குப் பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒருவன் தேங்காயும் கையுமாக நின்றான். இவன்தானா அந்த டிரைவர்? சந்திரமோகன் நேராக அவனிடம் போனார்.

"பேரு என்னப்பா?"

"முனிராஜுங்க."

"எத்தன வருசமா வண்டி ஓட்டற?"

"பன்னெண்டு வருசமா இதாங்க பொழப்பு. காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சா மணிக்கு ஒரு ஆளுங்க."

கூப்பிட்டவர்களுக்கெல்லாம் போய் ஓட்டும் ஆக்டிங் டிரைவர் என்று சந்திரமோகன் முடிவு கட்டினார். குறை கண்டுபிடித்தே தீருவது என்று டிரைவர் சீட்டை எட்டிப் பார்த்தார். சீட் ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் தள்ளிக் கிடந்தது, மேலே சின்னத் தலையணை ஒன்று வேறு.

"ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கற, உனக்குத் தலையணை கேக்குதா?" என்றார். முனிராஜ் சிரித்தான்.

சந்திரமோகன் சுமலதாவிடம் திரும்பினார். "இந்த மாதிரி ஆளுங்கள எனக்குத் தெரியாதா? ரெண்டு மாசம் ஓட்டுவான், மூணாவது மாசம் போன எடுக்க மாட்டான். அப்புறம் யார்கிட்டம்மா வந்து நிப்ப?"

"யார்கிட்டயும் நிக்க மாட்டேன்." அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அவள் அவரை இப்படிப் பார்த்ததே இல்லை. "இந்த டிரைவரு எங்க வூட்ட விட்டு எங்கியும் போவ மாட்டாங்க மாமா."

"பாக்கறேன், பாக்கறேன்."

"பத்தரைக்கு ராகு காலம் வந்துரும்," என்று பூசாரி அவசரப்படுத்தினார். கற்பூரம் சுற்றித் தேங்காயை உடைத்தார். "டிரைவர ஏறச் சொல்லுங்க. பழம் நசுங்கற மாதிரி நேரா முன்னால எடுக்கணும்."

சந்திரமோகனுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. காருக்கு முன்னால் நாலடி தள்ளிப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு அரூர் ஆளுக்குப் போன் போட்டார்.

"ஆமாப்பா, எவனோ ஒருத்தனப் புடிச்சிட்டு வந்துருக்குது. நீ கவலப்படாத, ஒரு மாசம் தாங்க மாட்டான். புரட்டாசி பொறக்கறதுக்குள்ள வண்டி உன் கைக்கு வந்துரும்."

அவருக்குப் பின்னால் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. இன்ஜின் உறுமியது. பூபதி சின்னப் பிள்ளை மாதிரி கலகலவென்று சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

ஹாரன் அலறியதில் போனைத் தவறவிடப் பார்த்த சந்திரமோகன் திடுக்கிட்டுத் திரும்பினார். முன்சீட்டின் இடது பக்கத்தில் முனிராஜ் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பாடம் நடத்தி முடித்த வாத்தியார் மாதிரி கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான்.

வலது பக்கக் கண்ணாடி மெல்ல இறங்கியது. தலையணை மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த சுமலதா வெளியே தலையை நீட்டினாள்.

"மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டிரைவர் புதுசு."