சௌந்தரத்தின் வலைப்பூ

இறந்துபோன சௌந்தரம், குடும்ப விக்கியில் தன்னைப் பற்றி எழுதியிருந்ததை வைத்து, வீட்டுச் சுவரில் மாட்டிய கருவியிலிருந்து பேசிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் கைவைக்கிற இணையப் பக்கம் அது. தங்கை பள்ளிக்கூடக் கதைகளைச் சேர்த்தாள். நாத்தனார் சௌந்தரத்தின் கோபத்தையே அழித்துவிட்டாள்.

கணவர் தணிகாசலத்துக்குப் பொறுக்கவில்லை. தான் மட்டுமே எழுதக்கூடிய வலைப்பூ ஒன்றைத் தொடங்கி, அவள் கோபத்தையும் எழுதிவைத்து, மனைவியை அங்கே குடிமாற்றினார்.

மறுநாள் காலை, "ஈரத்துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று அவள் எரிந்து விழுந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சாயங்காலம் காபியோடு உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாத கதை ஏதாவது சொல்லேன், சௌந்தரம்."

"நீங்க எழுதினா சொல்றேங்க."

அவர் எழுந்துபோய்த் துண்டை நனைத்துக் கட்டிலில் போட்டுவிட்டு, அவள் திட்டுவதற்காகக் காத்திருந்தார்.