பேர் போட வேண்டாம்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற ஒரு சலவைக் கூடம். பதினெட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒருநாள் மத்தியானம் பதினெட்டு போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன.

"எல்லாரும் பாருங்கம்மா," என்றார் மேனேஜர். "வெளியூர்ல இருக்கிற முதலாளி உங்க குறையைக் கேட்கச் சொல்லியிருக்கார். அந்த லிங்க்கைத் தொட்டா ஃபாரம் வரும். மனசுல உள்ளதை எழுதுங்க. நேரா அவருக்குப் போயிடும், எனக்கு ஒரு காப்பி வரும். பேர் போட வேண்டாம். யார் எழுதினதுன்னு எனக்கே தெரியாது."

அவர் அறைக்குள் போனதும் இஸ்திரிக்காரி போனை எடுத்தாள்.

அவள் நிற்பது பெரிய இஸ்திரி மெஷினில். கை உள்ளே போனால் மெஷின் தானாக நிற்க ஒரு தடுப்புக் கம்பி உண்டு. துணி சுருண்டாலும் நின்றுவிடும். வேலை தாமதமாகிறது என்று மேனேஜர் அந்தக் கம்பியை ஒயரால் இழுத்துக் கட்டிவிட்டார். போன வாரம் அதில் மாட்டி மடிப்புக்காரிக்கு மூன்று விரல் வெந்துபோனது. 'வீட்ல சுட்டுக்கிட்டேன்னு சொல்லு, இல்லேன்னா நாளையிலிருந்து வராதே' என்று அவளுக்கு உத்தரவு.

அடுத்தது நம்ம கைதானோ என்று இஸ்திரிக்காரி தினமும் பயந்துகொண்டேதான் துணியை உள்ளே விடுவாள். வாயைத் திறந்தால் வேலை போகும். வீட்டில் நாலு வயிறு அவள் ஒருத்தி சம்பளத்தில்.

பேர் வேண்டாம் என்றதும் தைரியம் வந்துவிட்டது. 'இஸ்திரி மெஷினில் தடுப்புக் கம்பியை' என்று எழுத ஆரம்பித்தாள்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து போனைப் பறித்தது.

மேஸ்திரி ரேடியோ அக்கா! கூடத்தில் ஒருத்தி தும்மினாலும் அக்கா வழியாக மேனேஜர் காதுக்குப் போய்விடும். அதனால் வந்த பேர் அது.

அக்கா போனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். எழுதியதை அழித்தாள்.

"ஐயோ, என்னக்கா பண்றீங்க?"

"சும்மா இருடி. ஆளாளுக்குக் கிறுக்கினா கூடம் உருப்படுமா? எல்லாரும் போனைக் கொண்டாங்க, நானே எழுதுறேன்."

"பேர் இல்லாமத்தானே எழுதுறோம், உங்களுக்கு என்ன நோவுது?" என்றாள் துவைக்கிறவள்.

"நாளைக்குக் கொதிக்கிற தொட்டியில நிக்கிற வேலை யாருக்குன்னு இன்னும் நான் முடிவு பண்ணல," என்றாள் அக்கா.

அவ்வளவுதான். அழுக்குத் துணிக் கூடையில் போன்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. அக்கா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தட்டினாள். எல்லா போனிலும் ஒரே வரி: 'குறை ஒன்றும் இல்லை.'

"வெந்த விரலைப் பாத்துக்கிட்டே இப்படி எழுத எப்படிக்கா மனசு வந்துச்சு?" என்றாள் இஸ்திரிக்காரி.

"விடுடி," என்றாள் கையில் கட்டோடு நின்ற மடிப்புக்காரி. "கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம். இவங்க திங்கிற உப்பு அப்படி."

அக்கா கூடையிலிருந்து அடுத்த போனை எடுத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு மெக்கானிக் வந்தார். "முதலாளி அனுப்பினார்," என்று சொல்லி ஒயரை வெட்டி எறிந்தார். கம்பி பழையபடி தன் இடத்துக்கு வந்தது.

மேனேஜர் முகம் பிழிந்துபோட்ட துணி மாதிரி இருந்தது. எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினார்.

"அன்னிக்கு எழுதினதுல ஒண்ணு மட்டும்... அந்த நம்பர்ல..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எந்த நம்பருங்க ஐயா?" என்றாள் ரேடியோ அக்கா, பச்சைக் குழந்தை மாதிரி. "யார் எழுதினதுன்னு உங்களுக்கே தெரியாதுன்னீங்களே?"

"ஆமா... தெரியாது. தெரியவே தெரியாது. போய் வேலையப் பாருங்க."

அவர் போனதும் இஸ்திரிக்காரி அக்காவை ஓரமாக இழுத்துப் போனாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. நீங்கதானே?"

அக்கா ஒரு படுக்கை விரிப்பை எடுத்து அதன் மூலையை நீட்டினாள். "இது என்ன?"

"ஏழாம் வார்டு நம்பர்."

"இருபது வருஷமா எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதல்ல மூலையைத்தான் பாப்பேன். எங்கிருந்து வந்துச்சுன்னு அதுவே சொல்லிடும். உன் லிங்க்குக்கும் கடைசி மூலையைப் பாத்தேன். பன்னெண்டுன்னு இருந்துச்சு. உன் பேட்ஜ் நம்பர் என்ன?"

"பன்னெண்டு." இஸ்திரிக்காரி தன் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டாள்.

"என் லிங்க்ல அஞ்சு. அது என் நம்பர். பேரை மட்டும்தானேடி வேணாம்னாரு மகராசன், ஆளுக்கொரு நம்பரைத் தச்சுல்ல அனுப்பியிருக்காரு!"

"அப்பவே சொல்லியிருந்தா நாங்க உங்களைத் திட்டியிருக்க மாட்டோமே."

"பதினேழு வாய்க்குச் சொன்னா அது ரகசியமா? சேதி எந்த வழியா எங்க போகும்னு ரேடியோவுக்குத் தெரியாதா? நீங்க திட்டினதுதான் எனக்குப் பாதுகாப்பு."

"சரி, எல்லாருக்கும் குறையில்லைன்னு எழுதிட்டீங்க. அப்ப கம்பி விஷயத்தை யார் நம்பர்ல எழுதினீங்க? அவங்களுக்கு ஆபத்து இல்லையா?"

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய சொல்லவும் முடியாது."

அக்கா அன்றைக்குக் கடைசியாகத் தன் போனைத்தான் எடுத்தாளாம். அதிலும் அதே வரியை அனுப்பிவிட்டு, லிங்க்கை மறுபடி திறந்து மூலையில் இருந்த ஐந்தை அழித்தாளாம். மேனேஜர் சட்டையில் தொங்குகிற பேட்ஜில் இருந்த நம்பரை அங்கே போட்டாளாம். அதற்கப்புறம்தான், வெந்த விரல் மூன்றையும் சேர்த்து, எழுத ஆரம்பித்தாளாம்.