கம்பெனிக்கு லீவு

திருத்தங்கல் அச்சாபீசில் நிறம் விலகிப்போய்க் கழித்துப்போட்ட காலண்டர் தாள் ஒன்று வீட்டுத் தரையில் விரிந்து கிடக்கிறது. அதில் கொடைக்கானல் ஏரி. ஒவ்வொரு படகை ஒட்டியும் சிவப்பாக இன்னொரு படகு மிதக்கிறது. கூரைத் தகட்டுக்குக் கீழே மத்தியான வெக்கை கொதிக்கிறது. ஆறு வயது சினேகா குப்புறப் படுத்துக்கொண்டு, பென்சிலால் ஏரியைச் சுற்றி வழி போடுகிறாள். “மொத நாளு போட்டுல போறோம். மறுநாளு குருத சவாரி. அப்புறம் லீவு முடியுற வரைக்கும் அங்கனயே இருக்கோம். என்னம்மா?” “இருப்போம்டி” என்கிறாள் ரோஜா. அவள் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் மினுங்குகிறது. எட்டு நாளாகத் தேய்த்தும் போகவில்லை. போன கோடையிலும் அதற்கு முந்தின கோடையிலும் பிள்ளையை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்கு ஓடியவள் அவள். இந்த வருஷம், நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் ஒன்பது பேரை உட்காரவைத்து ஆர்டரை முடிக்கப் பார்த்தார்கள். அது ரோஜா இருந்த அறைக்குப் பக்கத்து அறை. வெடித்தது. தினமும் இவளோடு குழம்பு மாற்றிச் சாப்பிடும் பாலம்மாள் அதற்குள் இருந்தாள். கம்பெனிக்குச் சீல் வைத்தாயிற்று. வேலையும் இல்லை, கூலியும் இல்லை, விடுமுறை மட்டும் வேண்டிய மட்டும் இருக்கிறது. சினேகா ஏரிக்கரையில் கைகோத்த இரண்டு பேரை வரைகிறாள். இருவருக்கும் சிரிப்பு காதுவரை. பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். “அடுத்த வருச லீவுக்கும் ஒங் கம்பெனி வெடிக்குமாம்மா?”